முள்ளியவளையில் ஒரு வாரம்

ஊர் பார்க்கப் புறப்படுவோரிற் பலர் கண்ணுக்காகவே செல்கின்றனர். சிலர் நாவுக்காகச் செல்கின்றனர். இரண்டையும் ஒருங்கே எண்ணிச் செல்வோர் மிகச் சிலர். இப்பேச்சுக்குப் பொருளாகிய பயணி அச்சிலருள் ஒருவர். முள்ளியவளையிற் பிறந்து, பத்து வயதிற் பெற்றோருடன் ஊரை நீங்கிக் கனடாவில் வளர்ந்தவர். தொழில் நிமித்தம் பல தேசங்களுக்குச் சென்று வருபவர். செல்லுமிடமெல்லாம் ஒரு குறிப்புப் புத்தகத்தைக் கையோடு கொண்டு செல்வது அவர் வழக்கம். இடப்பக்கத்திற் கண்டவற்றை எழுதுவார். வலப்பக்கத்தில் உண்டவற்றை எழுதுவார்.

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள லீமா நகரத்துக்கு அப்புத்தகத்தில் ஆறு பக்கங்கள் உண்டு. இடப்பக்கத்திற் பசிபிக் சமுத்திரத்தை நோக்கிய செங்குத்தான கரை, மழை பெய்யாது மூடுபனி மாத்திரம் கவிந்து நிற்கும் வானம், பெரிய சதுக்கத்துத் தேவாலயம். வலப்பக்கத்திற் பச்சை மீனைத் தேசிக்காய்ப் புளியில் ஊறவைத்து, வெங்காயமும் மிளகாயும் சேர்த்து, அவித்த கிழங்குடன் பரிமாறும் செவிச்சே என்னும் உணவு. உலகத்தின் மறுகோடியிலுள்ள ஊருக்கு ஆறு பக்கம் எழுதியவர், பிறந்த ஊருக்கு ஒரு பக்கமும் எழுதியிருக்கவில்லை. அக்குறையைத் தீர்க்கவே ஒரு வைகாசி மாதத்தில் அவர் வன்னிக்கு வந்தார்.

கண்டி வீதியில் மாங்குளச் சந்தியில் இறங்கிக் கிழக்கே திரும்பினால் முல்லைத்தீவு வீதி. ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர் நீளமுள்ள அவ்வீதியின் இருமருங்கும் ஒரு காலத்தில் வெயில் நிலத்தில் விழாத காடாக இருந்தன. பாலையும் முதிரையும் வீரையும் இன்றும் உண்டு. இடையிடையே வெட்டவெளிகளும் உண்டு. 1895 இல் வன்னி மாவட்டங்களைப் பற்றி விரிவான நூலொன்றை வெளியிட்ட ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில அதிகாரி இக்காட்டு வழிகளை நன்கறிந்தவர். அவர் காலத்தில் வன்னிக்குச் செல்வோர் முதலில் அஞ்சியது காய்ச்சலுக்கு. பின்வந்தோர் அஞ்சியவை வேறு.

வழியில் ஒட்டுசுட்டான். அங்கே தான்தோன்றீசுவரர் கோயில் கொண்டிருக்கின்றார். குரக்கன் அரிந்தபின் வயலில் எஞ்சி நின்ற ஒட்டை உழவன் ஒருவன் சுட்டெரிக்க முற்பட்டபோது இலிங்கம் வெளிப்பட்டது என்பதும், ஒட்டைச் சுட்ட இடம் ஒட்டுசுட்டான் ஆயிற்று என்பதும் அவ்வூர் வழக்கு. ஊர்ப்பெயர்களுக்குக் கூறப்படும் காரணங்களை ஆராய்ச்சியாளர் ஏற்பதும் உண்டு, மறுப்பதும் உண்டு. ஆயினும் ஓர் ஊரின் பெயருக்குள் ஒரு தானியம் இருப்பதைக் கண்ட பயணி, புத்தகத்தின் எப்பக்கத்தில் அதை எழுதுவது என்று சற்றே மயங்கினார். அயலிலுள்ள கற்சிலைமடுவில், 1803 ஒக்டோபர் 31 ஆம் நாள் பண்டாரவன்னியன் தோல்வியுற்றதைக் குறித்து ஆங்கிலேயர் ஒரு கல் நட்டனர். வென்றவர் தம் வெற்றிக்காக நட்ட கல்லைத் தோற்றவனின் பெருமைக்காக மக்கள் போற்றினர் என்பது வியப்பன்று. அவ்வன்னியன் கதையை நாடகமாக்கிய முல்லைமணி இப்பகுதி தந்த எழுத்தாளரே.

முள்ளியவளையும் தண்ணீரூற்றும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டிருக்கும் ஊர்கள். எங்கே ஒன்று முடிகிறது, எங்கே மற்றது தொடங்குகிறது என்பதை ஊரவரே அறிவர். வயல், தென்னை, பனை, நடுவே கோயில், கோயிலுக்கருகே பள்ளிக்கூடம் என்று அமைந்த ஊர். தண்ணீரூற்றிலே ஊற்றங்கரைப் பிள்ளையார் கோயில் உண்டு; நிலத்திலிருந்து தானே நீர் சுரக்கும் இடமாதலின் அப்பெயர். வன்னியில் நீர் என்றாற் குளத்து நீர்; மழையை நம்பிய நீர். அப்படிப்பட்ட நாட்டில் வெட்டாமலே சுரக்கும் ஊற்றுக்கு ஒரு பிள்ளையாரை வைத்தது மிகப் பொருத்தம்.

பயணி தங்கியது தூரத்து உறவினராகிய ஓர் ஆச்சியின் வீட்டில். முதல் நாட் காலை அவர் முன் வைக்கப்பட்டது குரக்கன் மாவும் அரிசி மாவும் கலந்து அவித்த பிட்டு. உடன் தேங்காய்ச் சம்பல், கத்தரிக்காய்க் குழம்பு, சட்டியில் உறைந்த எருமைத் தயிர். வன்னித் தயிரைப் பற்றி இரண்டு வார்த்தை கூறவேண்டும். அதைக் கரண்டியால் வெட்டி எடுக்கவேண்டுமே தவிர ஊற்ற இயலாது. காட்டோரத்திலும் குளத்தோரத்திலும் மேய்ந்த எருமையின் பால் கெட்டியானது; மண்சட்டி மேல்நீரை உறிஞ்சிக்கொள்ளும்; மறுநாட் காலையிற் சட்டியைச் சரித்தாலும் தயிர் அசையாது. அதன்மேற் பாலைப்பாணி சிறிது விட்டு உண்பது பழைய முறை. பாலைப்பழம் வைகாசியிற் பழுக்கத் தொடங்கும். தின்றால் அதன் பால் உதட்டோடு உதட்டை ஒட்டிவிடும். கரடியும் குரங்கும் பறவையும் மனிதரும் அதற்குப் போட்டியிடுவர். பழத்தைப் பிழிந்து காய்ச்சிப் பாணியாக்கி வைத்தால் அடுத்த மழைக்காலம் வரை இருக்கும். காட்டுத் தேனைவிட இது சிறந்தது என்று சொல்வோர் உளர். அது சற்று மிகை.

மாலையில் அவித்த மரவள்ளிக்கிழங்கும் பச்சைமிளகாய்ச் சம்பலும் வந்தன. இஞ்சி சேர்ந்த எதையும் கிழங்குடன் உண்ணக்கூடாது என்று ஆச்சி எச்சரித்தார். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் எல்லாப் பாட்டிமாரும் கூறும் எச்சரிக்கை அது. பயணிக்கு லீமா நினைவு வந்தது. அங்கே மீனோடு வைத்த கிழங்குகளுள் இதுவும் ஒன்று. மரவள்ளியின் பிறப்பிடம் தென் அமெரிக்கா. மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து பதினாறாம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் கப்பல்களில் ஆசியாவுக்கு வந்ததே. முல்லைத்தீவு மணலிற் செழித்து விளைகின்ற கச்சானுக்கும், மரமுந்திரிகைக்கும், கொல்லையில் நிற்கும் பப்பாசிக்கும் கொய்யாவுக்கும் பூர்வீகம் அதுவே. பெரு நாட்டில் 1987 இற் சிப்பான் என்னும் இடத்திலே அகழ்ந்தெடுக்கப்பட்ட பழைய அரசன் ஒருவனின் கல்லறையில், பொன்னாலும் வெள்ளியாலும் கச்சான் வடிவிற் செய்து கோத்த மாலை கிடைத்தது. வேறொரு கடற்கரையில் அரசன் மார்பிற் கிடந்த அதே கச்சானை, நம் ஊர்த் திருவிழாவிற் கடதாசிச் சுருளில் வாங்கிக் கொறிக்கின்றோம். புதிய நாட்டிற் புதிய உணவைத் தேடிச் செல்வோர், பாதித் தூரம் தம் வீட்டு அடுக்களையிலேயே கடந்துவிடுகின்றனர் போலும்.

முஸ்லிம் மக்களும் இப்பகுதியில் நெடுங்காலம் வாழ்ந்தவர்கள். தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் அவர்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் இருந்தன. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது இவர்களும் சென்றனர். போர் முடிந்தபின் ஒரு பகுதியினர் திரும்பியிருக்கின்றனர். சிறு வயதிற் பெருநாளுக்கு அயல்வீட்டிலிருந்து வந்த வட்டிலப்பத்தைப் பயணி மறக்கவில்லை. அவ்வீடு இருந்த காணியை ஆச்சி காட்டினார். அங்கே கிணற்றுக்கட்டு மாத்திரம் இருந்தது. அன்றைய வலப்பக்கத்தில், உண்ணாத ஓர் உணவின் பெயரும் எழுதப்பட்டது.

இனி, அவர் காண வந்த காட்சி. வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் முள்ளியவளைக்கு அண்மையில், நந்திக்கடல் என்னும் களப்பின் கரையில் இருக்கின்றது. மதுரையை எரித்த கண்ணகி சினம் ஆறாது தென்திசை வந்து, இலங்கையிற் பல இடங்களில் தங்கி, பத்தாவதாகத் தங்கிய இடம் இது; பத்தாம்பளை என்பதே வட்டாப்பளை ஆயிற்று என்பர். நந்திக்கடலோரத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்களிடம் ஒரு கிழவி வந்து பசிக்கிறது என்றாள். சிறுவர்கள் இலை குழைகளாற் பந்தல் அமைத்து அவளை இருத்திப் பாற்புக்கை சமைத்துக் கொடுத்தனர். இருட்டியது. விளக்கேற்ற எண்ணெய் இல்லை. கடல்நீரை வார்த்து ஏற்றுங்கள் என்றாள், ஏற்றினர், எரிந்தது. தன் தலையைப் பார்க்கச் சொன்னாள். தலையெங்கும் ஆயிரம் கண்கள். வைகாசித் திங்கட்கிழமையில் வருவதாகக் கூறி மறைந்தாள். ஊர் கூறும் கதை இது. சிலப்பதிகாரத்தில் இது இல்லை. அரசனிடம் நீதி கேட்டவள், மாடு மேய்க்கும் பிள்ளைகளிடம் சோறு கேட்டாள் என்று முடிப்பது வன்னி மக்களின் சொந்தக் கற்பனை.

இன்றும் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னதாகச் சிலாவத்தைத் தீர்த்தக்கரையிற் கடல்நீர் எடுத்து முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவருகின்றனர். ஏழு நாளும் அந்நீரில் விளக்கு எரிகின்றது. ஞாயிற்றுக்கிழமை அங்கே பொங்கல். மறுநாட் திங்கள், வட்டாப்பளையிற் பெரும் பொங்கல். விளக்கு வைத்த வாரத்தில் ஊரிற் பலர் மச்சம் சமைப்பதில்லை. நந்திக்கடல் இறாலைச் சுவைக்கும் ஆவலோடு வந்த பயணி, அதற்காக முல்லைத்தீவுப் பட்டினம் வரை செல்ல நேர்ந்தது. இறால் நன்றாகவே இருந்தது. முருங்கைக்காயோடு சேர்த்துக் குழம்பு வைத்திருந்தனர். கரைவலை இழுப்போர் பலர் 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலைக்குத் தம்மவரைப் பறிகொடுத்தவர்கள். அவர்கள் கடலைப் பற்றிப் பேசும்போது அதை வைவதுமில்லை, புகழ்வதுமில்லை. காற்று எப்படி, நீரோட்டம் எப்படி என்று மாத்திரம் பேசுகின்றனர்.

வைகாசிப் பொங்கல் எல்லா ஆண்டிலும் ஒரே திகதியில் வருவதில்லை. சில ஆண்டுகளில் யூனில் வரும். சில ஆண்டுகளில் மே மாதத்து மூன்றாம் வாரத்தை ஒட்டி வரும். அப்பொழுது மே 18, உப்புநீரில் விளக்கெரியும் அந்த ஏழு நாட்களுக்குள் விழுந்துவிடும். பயணி வந்தது அத்தகைய ஓர் ஆண்டில். அதை அவர் முன்னரே எண்ணிப் பார்க்கவில்லை.

2008 இன் இறுதியில் முள்ளியவளை மக்கள் ஊரை விட்டுப் பெயர்ந்தனர். போர் நெருங்க நெருங்க வடக்கே புதுக்குடியிருப்பு, பின்னர் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்கரை என்று நகர்ந்து, முள்ளிவாய்க்காலில் வந்து முடிந்தனர். 2009 மே மாதம் போர் முடிந்தது. எத்தனை உயிர் மாண்டது என்ற கணக்கு இன்றுவரை தீரவில்லை. எஞ்சியோர் வட்டுவாகற் பாலத்தைக் கடந்து வந்து, செட்டிகுளத்து முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவ்வாண்டு வைகாசியில் முள்ளியவளையிற் குடிமக்கள் இல்லை. 2010 தொடக்கம் அவர்கள் சிறிது சிறிதாகத் திரும்பி, பற்றையை வெட்டி, கிணற்றை இறைத்து, அடுப்பு மூட்டினர். அந்த இறுதி மாதங்களில் உணவு அரிதாகியபோது பொதுக் கிடாரங்களிற் கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள். அரிசி, நீர், உப்பு. அக்கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள் இன்று அதை ஆண்டுதோறும் மே மாதத்திற் காய்ச்சி, வழியிற் போவோர் வருவோர்க்கெல்லாம் வழங்குகின்றனர். முள்ளிவாய்க்காற் கஞ்சி என்பது அதன் பெயர்.

சனிக்கிழமை காலை பயணி ஆச்சியுடன் வட்டுவாகலைத் தாண்டிச் சென்றார். நந்திக்கடல் அசைவின்றிக் கிடந்தது. கரையோரத்திற் கொக்குகள் நின்றன. படம் பிடிப்பதற்கேற்ற இடம் என்பதை அவர் கண் உடனே கண்டுகொண்டது, கைதான் எழவில்லை. நினைவிடத்திற் கூட்டம் பெரிது, ஓசை சிறிது. ஓரிடத்திற் சிரட்டையிற் கஞ்சி வார்த்துக் கொடுத்தனர். அவர் தயங்கி நின்றார். அந்நாட்களில் இங்கே இருந்தவர்க்கு உரிய உணவைத் தொலைவிலிருந்து செய்தி கேட்டவர் உண்ணலாமா என்பது அவர் தயக்கம். ஊர் ஊராகச் சென்று உணவு சுவைத்த நாக்கு இதையும் சுவை பார்த்துவிடுமோ என்ற அச்சமும் இருந்திருக்கலாம். ஆச்சி திரும்பிப் பார்த்து, "குடியுங்கோ தம்பி, ஆறப்போகுது" என்றார். குடித்தார். கஞ்சி சுவையற்றது என்று சொல்ல முடியாது. அரிசியின் சுவை இருந்தது, உப்பு இருந்தது. அவ்வளவே இருந்தது.

அன்றிரவு புத்தகத்தைத் திறந்தார். லீமாவில் உண்ட மீனும், முதல்நாள் உண்ட தயிரும் இருந்த பக்கத்தின் கீழே அதை எழுதக் கை வரவில்லை. இடப்பக்கத்தில் எழுதலாமென்றாலோ அது வேடிக்கை பார்த்ததாகும். மூடிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காட்டா விநாயகர் கோயில். ஆச்சி அரிசியும் வறுத்த பயறும் சர்க்கரையும் கொண்டு சென்று பொங்கினார். தேங்காய்ப்பாலைத் தாராளமாக வார்த்தார். பானை பொங்கி வழிந்தபோது முகம் மலர்ந்தது. மூலையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆராயும் மனத்தோடு வந்தவர்கள் திரியைப் பற்றியும் நீரைப் பற்றியும் தமக்குள் முணுமுணுத்தனர். அவ்விளக்கைச் சுற்றி அமர்ந்திருந்த பெண்களுக்கு அந்த ஐயம் எழவில்லை. எண்ணெய் இல்லாத காலத்தில் எரிந்த விளக்கு என்பது அவர்களுக்குக் கதையாகத் தோன்றவில்லை.

திங்கள் இரவு வட்டாப்பளையில் எள் போட்டால் எண்ணெயாகும் கூட்டம். வடமாகாணத்தின் பல பகுதிகளிலுமிருந்து மக்கள் வந்திருந்தனர். காவடி, பாற்செம்பு, தூக்குக்காவடி, பறையோசை. ஒருபுறம் மடைப்பண்டம், மறுபுறம் வளையற் கடை, பலூன் கடை, கச்சான் கடை. கச்சான் விற்கும் பெண்கள் சூட்டு மணலில் அகப்பையைத் தட்டி அழைக்கும் ஓசையைப் பயணி முப்பது ஆண்டுகளுக்குப் பின் கேட்டார். முன்னாளிற் கோயிலை ஒட்டி விடிய விடியக் கோவலன் கூத்து ஆடுவார்கள். கோவலன் வெட்டுண்ணும் கட்டத்திற் பெண்கள் வாய்விட்டு அழுவார்கள் என்று முதியவர் ஒருவர் கூறினார். இப்போதும் அக்கூத்தை ஆடுவோர் முள்ளியவளையில் இருக்கின்றனர். வரிசையில் நின்றோர் பலருடைய கையில் யாரோ ஒருவரின் பெயரில் நேர்ந்த அர்ச்சனைத் தட்டு இருந்தது. அப்பெயருடையவர் எங்கே என்று கேட்பது வன்னியில் வழக்கமன்று. பெயரையும் நட்சத்திரத்தையும் மட்டுமே குருக்கள் கேட்கின்றார்.

செவ்வாய் காலை, புறப்படுமுன், பயணி திண்ணையில் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தார். ஆச்சி ஒரு போத்தலிற் பாலைப்பாணியும் ஒரு பையிற் கச்சானும் கொண்டுவந்து வைத்து, "என்ன தம்பி எழுதுறியள்?" என்று கேட்டார். சமையற் குறிப்பு என்றார் அவர். ஆச்சிக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. பிட்டுக்கு எவ்வளவு குரக்கன், எவ்வளவு அரிசிமா. புக்கைக்கு ஒரு கொத்து அரிசிக்கு எவ்வளவு பயறு, எத்தனை தேங்காய். எல்லாவற்றையும் விரல் மடக்கிச் சொன்னார். அவர் எழுதினார். பிறகு, எழுதும் பக்கத்தை நோக்கியபடியே, கஞ்சிக்கு அளவு என்ன என்று கேட்டார்.

ஆச்சி சற்றுப் பொறுத்து, "அதுக்கு ஒரு சுண்டு அரிசி" என்றார். "தண்ணி, எத்தினை பேர் நிக்கினமோ அதைப் பார்த்துத்தான்."

அவர் அதை இரு பக்கத்துக்கும் நடுவே, தையல் ஓடிய மடிப்பின்மேல் எழுதினார். அப்போது வேலியோரத்திற் பசு ஒன்று கீரைப் பாத்திக்குள் தலையை நீட்டியது. ஆச்சி கம்பொன்றை எடுத்துக்கொண்டு அதைத் துரத்தப் போனார். முல்லைத்தீவிலிருந்து வந்த பஸ் வண்டி சந்தியில் ஒலியெழுப்பியது.